ஆயுதமில்லாத படைக்கு அதிகாரிகள் எப்படி உருவாகிறார்கள்?

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து கட்டுகிறது. அதிலிருந்து இறங்கி வரும் இளம் அதிகாரியைப் பார்த்தால் கடற்படைக்காரர் என்றே நினைப்போம். அதே மாதிரி சீருடை, அதே மாதிரி பதவிச் சின்னம். ஆனால் அந்தக் கப்பலில் பீரங்கி கிடையாது. மூன்று வாரம் கடலில் இருந்து அவர் செய்துவிட்டு வந்தது கடலடியின் மேடுபள்ளத்தை அளந்ததும், மீன்வளக் கணக்கெடுப்புக்கு வந்த விஞ்ஞானிகளுக்காகக் கப்பலை ஓட்டியதும்தான்.

அவர் நோவா அதிகாரிப் படையைச் சேர்ந்தவர். தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நோவா' என்கிறார்கள். வானிலை எச்சரிக்கை, புயல் கணிப்பு, கடல் வரைபடம், மீன்வளம் எல்லாம் அதன் பொறுப்பு. அமெரிக்காவில் சீருடைப் பணிகள் மொத்தம் எட்டு. ராணுவம், கடற்படை, மரைன் படை, விமானப்படை, விண்வெளிப் படை, கடலோரக் காவல்படை ஆகிய ஆறும் ஆயுதப் படைகள். ஏழாவது பொது சுகாதாரப் பணி. மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் கொண்டது. எட்டாவது இந்த நோவா படை. எட்டிலும் இதுதான் சின்னது. ஆள்பலம் முந்நூற்றுச் சொச்சம். நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ மாணவர்கள் இதைவிட அதிகம் இருப்பார்கள்.

இவ்வளவு சிறிய படை தனக்கான அதிகாரிகளை எப்படித் தேடுகிறது, எப்படிப் பழக்குகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்: சிறிய படையில் உபரி ஆள் கிடையாது. சேர்கிற ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பேருடைய வேலையைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அளவைக்காரருக்கு எதற்குச் சீருடை?

1807இல் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்கக் கடற்கரையை அளக்க ஓர் அரசு நிறுவனத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஹாஸ்லர் அதற்குத் தலைமை ஏற்றார். அவர்கள் கையாண்டது முக்கோண அளவை. ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு புள்ளிக்கான கோணத்தைப் பார்த்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டை வரைந்துகொண்டு போவது. சென்னைக்காரர்களுக்கு இது சொந்தக் கதை மாதிரி. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளக்கத் தொடங்கிய சுமார் 12 கிலோமீட்டர் கோடும் இதே முறையின் முதல் படிதான். நோவா கொடியில் இன்றும் ஒரு சிவப்பு முக்கோணம் இருக்கிறது. அது இந்த அளவை வேலையின் அடையாளம்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த அளவைக்காரர்கள் சாதாரண அரசு ஊழியர்களாகவே இருந்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. படைக்கு வரைபடம் தேவை. வரைபடம் போட இவர்கள் போர்முனைக்குப் போக வேண்டும். சாதாரண உடுப்பில் இருக்கும் ஒருவர் எதிரி நிலத்தை அளந்துகொண்டிருக்கும்போது பிடிபட்டால் அவரை ஒற்றன் என்று சொல்லிச் சுட்டுவிடலாம். சீருடை அணிந்த அதிகாரியாக இருந்தால் போர்க்கைதியாக நடத்த வேண்டும். அதனால் 1917 மே 22 அன்று அளவைத் துறையின் களப் பொறியாளர்களுக்கு அதிகாரிப் பதவி தரும் சட்டம் வந்தது. நோவா என்ற பெயர் வந்தது 1970இல்தான். படை அதைவிட ஐம்பது ஆண்டு மூத்தது.

அந்த அதிகாரிப் பதவியை ஆங்கிலத்தில் 'கமிஷன்' என்பார்கள். அந்தச் சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். நம் பேச்சில் கமிஷன் என்றால் தரகுக் காசு. ராணுவ வழக்கில் அது நாட்டின் தலைவர் பெயரால் ஒருவருக்குத் தரப்படும் பதவி ஆணை. அந்த ஆணை பெற்றவர்தான் அதிகாரி. பெரிய படைகளில் ஒவ்வோர் அதிகாரிக்குக் கீழும் பல ஜவான்கள் அல்லது மாலுமிகள் இருப்பார்கள். நோவா படையில் அந்தக் கீழ்த்தட்டே கிடையாது. எல்லோரும் அதிகாரிகள். கப்பலின் எஞ்சின் அறை, சமையலறை, பாரம் இழுக்கும் வின்ச், கயிறு எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் சீருடையில்லாத மாலுமிகள். அரசு சம்பளம் வாங்கும் சிவில் ஊழியர்கள். இருபது வருடம் கடலில் கழித்த ஒரு போசனுக்கு (தள மாலுமிகளின் மேற்பார்வையாளர்), கல்லூரி முடித்து வந்த 23 வயதுக்காரர் உத்தரவு கொடுக்க வேண்டிய நிலை. இந்தப் படையின் பயிற்சியில் பாதி இதற்கான தயாரிப்புதான் என்பது என் எண்ணம்.

போர் முடிந்த பிறகும் சீருடை ஏன் நீடித்தது? சீருடை அணிந்தவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். புயல் வந்து துறைமுகம் மூடிக்கிடக்கிறது, கடலடியில் என்ன விழுந்து கிடக்கிறது என்று உடனே அளக்க வேண்டும் என்றால் மறுநாளே கிளம்பியாக வேண்டும். 1996 ஜூலையில் டிடபிள்யூஏ 800 விமானம் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வெடித்து விழுந்து 230 பேர் இறந்தார்கள். அதன் சிதறல்கள் கடலடியில் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தது, ஒலியலைகளால் கடலடியைப் படம்பிடிக்கும் பக்கவாட்டு சோனார் பொருத்திய ஒரு சின்ன நோவா அளவைக் கப்பல்.

யாரை எடுக்கிறார்கள்?

அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பட்டப் படிப்பு வேண்டும். அதில் அறிவியல், கணிதம், பொறியியல், தொழில்நுட்பப் பாடங்கள் குறைந்தது 48 கிரெடிட் (அமெரிக்கக் கல்லூரிகளின் பாட அளவு) அளவுக்கு இருக்க வேண்டும். 62 வயதாவதற்குள் இருபது ஆண்டுப் பணியை முடிக்க முடிய வேண்டும். அதாவது சேரும்போது வயது 42ஐத் தாண்டியிருக்கக் கூடாது. உடல் தகுதி, மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை எல்லாம் மற்றப் படைகளைப் போலத்தான். சம்பள அட்டவணையும் ஆயுதப் படைகளுக்கு உள்ளதேதான். பதவிப் பெயர்கள் கடற்படையினுடையவை. புதிதாகச் சேர்பவர் 'என்சைன்'.

கப்பல் அனுபவம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். கடலை முதன்முதலில் இருபது வயதில் பார்த்தவரும் விண்ணப்பிக்கலாம். கடல் உயிரியல் படித்தவர், வானிலை படித்தவர், இயற்பியல் படித்தவர், சிவில் எஞ்சினியர் என்று பல வகையினர் வருகிறார்கள். அவர்களை அதே துறையில் விஞ்ஞானியாக வைத்துக்கொள்ள எடுப்பதில்லை என்பதுதான் புதியவர்கள் முதலில் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். மீனைப் படித்தவர் மீனை ஆராயப் போவதில்லை. மீனை ஆராயும் விஞ்ஞானிகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய், வலை இறக்கும் நேரத்தில் கப்பலை நேராகப் பிடித்து, எல்லோரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பதுதான் அவர் வேலை. அப்படியானால் அறிவியல் பட்டம் எதற்கு? விஞ்ஞானி ஏன் அந்த இடத்தில் கப்பலை அசையாமல் நிறுத்தச் சொல்கிறார் என்பது புரிந்தவர்தான் அதை மனம் கோணாமல் செய்வார். வலை கடலில் இருக்கும்போது வேகம் அரை நாட் (கப்பல் வேகத்தின் அலகு) கூடினால் அன்றைய கணக்கே கெட்டுப்போகும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேர்காணல் உண்டு. பணியில் இருக்கும் அதிகாரிகளே விண்ணப்பதாரரை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மதிப்பெண் மட்டும் பார்த்து எடுக்க முடியாத பணி இது. முப்பது நாற்பது பேர் மட்டும் இருக்கும் ஒரு கப்பலில், பல வாரம், அதே முகங்களோடு, அதே சாப்பாட்டு மேசையில் காலம் தள்ள வேண்டும். லட்சம் பேர் இருக்கும் படையில் ஒருவர் பொருந்தாவிட்டால் இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிடலாம். இங்கே ஒரு கப்பலின் பிரிட்ஜில் ஐந்தாறு இளம் அதிகாரிகள்தான் இருப்பார்கள். ஒருவர் சரியில்லை என்றால் மற்றவர்களின் தூக்கம்தான் பறிபோகும்.

கடன் வாங்கிய பள்ளிக்கூடம்

ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு டஜன் பேர்தான் தேறுவார்கள். அதற்காக ஒரு தனி அகாடமி கட்டிப் பராமரிப்பது கட்டுப்படியாகாது. அதனால் நோவா படை எப்போதும் அடுத்தவர் வீட்டில்தான் பாடம் படித்திருக்கிறது. முன்பு நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்டில் இருக்கும் வணிகக் கப்பல் அகாடமியில் பயிற்சி நடந்தது. இப்போது கனெக்டிகட் மாநிலம் நியூ லண்டனில், கடலோரக் காவல்படை அகாடமியின் வளாகத்தில், அந்தப் படையின் அதிகாரிப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து நடக்கிறது. அதற்கு 'அடிப்படை அதிகாரிப் பயிற்சி வகுப்பு' என்று பெயர். நான்கு மாதத்துக்கு மேல் நீளும்.

முதல் சில வாரம் எந்தப் படையிலும் நடப்பதுதான். விடியுமுன் எழுவது, ஓட்டம், அணிவகுப்பு, படுக்கையை மடிப்பு கலையாமல் விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, யாராவது உரக்கக் கத்தும்போது நிதானமாகப் பதில் சொல்வது. விஞ்ஞானப் பட்டதாரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். களைத்துப்போன உடம்போடும் பதற்றத்தோடும் ஒரு சின்ன வேலையைப் பிசகில்லாமல் செய்கிற பழக்கம்தான் இதன் பலன். அதிகாலை மூன்று மணிக்குக் கப்பல் ஓட்டும்போது அது கை கொடுக்கும்.

அதன் பிறகு கடல் பாடங்கள் வருகின்றன: வரைபடத்தில் பாதை போடுவது, ரேடார், நீரோட்டம், வானிலை, தீயணைப்பு, உயிர்காப்பு, கடல்வழி விதிகள். இந்த விதிகள் 1972இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டவை. சாலை விதி மாதிரி உலகம் முழுவதற்கும் ஒன்றே. எந்தக் கப்பல் எதற்கு வழிவிட வேண்டும், இரவில் எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்பதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நியூ லண்டனில் பயிற்சி பெறுபவர்களுக்கு 'ஈகிள்' என்ற பாய்மரக் கப்பலில் போகும் வாய்ப்பும் கிடைக்கிறது. 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு, போருக்குப் பின் அமெரிக்கா எடுத்துக்கொண்ட கப்பல் அது. பாயை இழுக்கப் பத்துப் பேர் ஒன்றாகக் கயிற்றைப் பிடித்தாக வேண்டும். தனியாளாகப் படித்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

உண்மையான பள்ளி கப்பல்தான்

வகுப்பு முடிந்ததும் புதிய என்சைன் நேராகக் கப்பலுக்குப் போகிறார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அங்கேதான் அவர் அதிகாரி ஆகிறார். அதுவரை படித்தது எல்லாம் அரிச்சுவடி.

கப்பலை நடத்தும் அறைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அங்கே நாள் முழுக்க முறை வைத்து ஆள் நிற்பார்கள். அதை வாட்ச் என்பார்கள். நான்கு மணி நேரம் நின்றால் எட்டு மணி நேரம் இடைவெளி என்பது பழைய கடல் வழக்கம். கேப்டன் தூங்கும்போது அவர் சார்பில் கப்பல் முழுவதற்கும் பொறுப்பேற்று நிற்பவர் தளப் பொறுப்பு அதிகாரி. புதிதாக வரும் என்சைன் உடனே அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. தகுதி பெற்ற ஒருவரின் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் பழக வேண்டும். கேப்டனுக்கு முழு நம்பிக்கை வந்த பிறகுதான் தன் கையெழுத்திட்ட கடிதத்தால் அந்தத் தகுதியைத் தருவார். முதல் கப்பலில் ஒரு என்சைனின் கண் முழுக்க அந்த ஒரு கடிதத்தின் மேல்தான் இருக்கும்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை வாட்ச். பிரிட்ஜில் மங்கிய சிவப்பு வெளிச்சம் மட்டும். வெள்ளை விளக்கு போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும். கப்பல் நின்றிருக்கிறது. பின்தளத்திலிருந்து விஞ்ஞானிகள் ஒரு கருவியைக் கம்பியில் கட்டி இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். உப்பின் அளவையும் வெப்பத்தையும் அளந்துகொண்டே அது மேலே வர வேண்டும். அதுவரை கப்பல் நகர முடியாது. அதைச் சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்ல, பாய்மரத் தூண் மாதிரி நிற்கும் கம்பத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று விளக்குகள் எரிகின்றன. 'என்னால் ஒதுங்க முடியாது' என்பதுதான் அதன் பொருள்.

தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. மீன்பிடிப் படகு. என்சைன் திசைகாட்டியில் அதன் திசையைப் பார்க்கிறார்: 40 டிகிரி. மூன்று நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறார்: 40 டிகிரி. இன்னும் மூன்று நிமிடம்: அதே 40. ரேடாரில் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. திசை மாறாமல் தூரம் குறைந்தால் மோதல் நிச்சயம். கடல்வழி விதிகள் சொல்லித்தரும் மிக எளிய, மிக முக்கியமான உண்மை இதுதான். ஓடும் பேருந்தின் ஜன்னலில், குறுக்குச் சாலையில் வரும் லாரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விதிப்படி அந்தப் படகுதான் ஒதுங்க வேண்டும். அதன் ஆள் தூங்கிப்போயிருந்தால்? எல்லாக் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய 16ஆம் சேனலில் என்சைன் வானொலியில் கூப்பிடுகிறார். பதில் இல்லை. ஐந்து குறுகிய ஊதல் கொடுக்கச் சொல்கிறார். 'உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை' என்பதற்கான சத்தம் அது. பின்தளத்துக்குச் சொல்லிக் கம்பியை வேகமாக இழுக்கச் சொல்கிறார். கேப்டனின் அறைக்கு போன் போடுகிறார். இந்த போன்தான் புதியவர்களுக்கு மிகக் கடினம். 'இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எழுப்புகிறோமே' என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் கேப்டனின் நிலையான உத்தரவு பிரிட்ஜில் எழுத்தில் இருக்கும்: சந்தேகம் வந்தால் கூப்பிடு. எழுப்பியதற்காகக் கோபப்படும் கேப்டனால் நல்ல அதிகாரிகளை உருவாக்க முடியாது. நல்ல கேப்டன் செருப்பு மாட்டக்கூட நிற்காமல் மேலே வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, 'நீயே பார்த்துக்கொள், நான் இங்கேதான் நிற்கிறேன்' என்பார்.

உத்தரவு கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. 'இடது பத்து' என்று அதிகாரி சொன்னால் சுக்கான் பிடித்திருப்பவர் அதையே திருப்பிச் சொல்வார்: 'இடது பத்து'. சுக்கான் பத்து டிகிரிக்கு வந்ததும் 'வந்துவிட்டது' என்று மறுபடி சொல்வார். கேட்டது தவறாக இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி தோன்றும் இந்த எதிரொலி எத்தனையோ கப்பல்களைக் காப்பாற்றியிருக்கிறது.

வாட்ச் முடிந்தால் வேலை முடிந்தது என்று இல்லை. உபரி ஆள் கிடையாது என்று முதலில் சொன்னது இங்கேதான் தெரியும். ஒரே என்சைன் வரைபடங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பும் வைத்திருப்பார், பாதுகாப்புக் கருவிகளையும் பார்ப்பார், மருந்துப் பெட்டிக்கும் அவரே பொறுப்பாக இருக்கலாம். பெரிய கடற்படைக் கப்பலில் இந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் இருப்பார். இங்கே இளைய அதிகாரி இரண்டே ஆண்டில் கப்பலின் எல்லா மூலைகளையும் தொட்டுவிடுகிறார். களைப்பு அதிகம்தான். கற்பதும் அந்த அளவுக்கு அதிகம்.

வானத்துக்குப் போகிறவர்கள்

சில அதிகாரிகள் விமானிகளாகிறார்கள். அவர்களுக்குத் தனியாக விமானப் பயிற்சி உண்டு. நோவாவின் விமானத் தளம் ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் இருக்கிறது. திமிங்கலம் எண்ணவும் பனியின் ஆழத்தை அளக்கவும் சிறிய விமானங்களை ஓட்டிப் பல ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகே புயலுக்குள் போகும் 'பி-3 ஓரியன்' விமானத்தின் கட்டுப்பாடு கைக்கு வரும். அந்த விமானங்கள் இரண்டு. 1970களின் நடுவில் வாங்கியவை. புயலின் அமைதியான மையமான கண்ணுக்குள் நுழைந்து அளவுகளை எடுத்து அனுப்புகின்றன.

1989 செப்டம்பர் 15 அன்று அவற்றில் ஒன்று பார்படோஸுக்குக் கிழக்கே ஹ்யூகோ புயலுக்குள் வெறும் 1,500 அடி உயரத்தில் நுழைந்தது. எதிர்பார்த்ததைவிடப் புயல் மிகக் கடுமையாக இருந்தது. கண்ணைச் சுற்றிக் காற்று மிகக் கடுமையாக வீசும் சுவர்ப் பகுதிக்குள் ஓர் எஞ்சின் தீப்பிடித்து நின்றுபோனது. மிச்சமிருந்த மூன்று எஞ்சின்களோடு அமைதியான கண்பகுதிக்குள் வட்டமடித்து மெல்ல உயரம் ஏறி, வெளியேற வழி தேடி, எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். இப்போது வழக்கமாக 8,000 முதல் 10,000 அடி உயரத்தில்தான் நுழைகிறார்கள். புதிய விமானிகளுக்கு இந்த ஒரு பயணமே பெரிய பாடம்.

முதல் கப்பலுக்குப் பிறகு

இரண்டு ஆண்டு கடலில் கழிந்தால் அடுத்த மூன்று ஆண்டு வாக்கில் கரையில் வேலை. மீன்வள அலுவலகம், வானிலை மையம், வரைபடப் பிரிவு என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். தென் துருவத்தில் இருக்கும் வளிமண்டல ஆய்வு நிலையத்துக்கும் இந்தப் படையிலிருந்து ஓர் அதிகாரி போய், ஆறு மாத இருட்டையும் சேர்த்து ஒரு வருடம் தங்கியிருப்பார். பிறகு மறுபடி கப்பல், இந்த முறை மேல் பதவியில். இப்படிக் கடலும் கரையும் மாறி மாறி வரும். வெளியிலிருந்து ஒருவரை நேராகக் கேப்டனாக எடுத்துவைக்கும் வழக்கம் கிடையாது. ஒவ்வொரு கேப்டனும் கீழிருந்து ஏறி வந்தவர்தான். 1972இல்தான் முதல் பெண் அதிகாரி பமேலா செல்கிரன் சேர்ந்தார். 1989இல் ஈவ்லின் ஃபீல்ட்ஸ் ஒரு நோவா கப்பலின் கேப்டன் ஆனார். 1999இல் படைக்கே தலைவரானார்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஒரு சட்டம் படையின் உச்ச அளவை 500 ஆக உயர்த்தியது. சட்டம் எண்ணிக்கையை உயர்த்தலாம். ஆளை உருவாக்கக் காலம் வேண்டும். இன்று எடுக்கும் என்சைன் ஒரு கப்பலுக்குக் கேப்டனாகப் பல ஆண்டு ஆகும். இன்று ஒரு வகுப்பைக் குறைத்தால் அதன் காலியிடம் அப்போதுதான் தெரியவரும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் இதில் சேர முடியுமா என்று கேட்டால், முடியாது. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அங்கே நிரந்தரமாகத் தங்கும் பச்சை அட்டை போதாது. அங்கேயே குடியுரிமையோடு வளர்ந்து அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இதே வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கடல் வரைபடம் போடுவது கடற்படை. அதன் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் டேராடூனில், பயிற்சி நிறுவனம் கோவாவில். 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் படையில் சேர்ந்த 'சந்தாயக்' என்ற அளவைக் கப்பலை ஓட்டுவது அப்படிப் பயின்ற கடற்படை அதிகாரிகள். கடல் ஆய்வு புவி அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' கப்பலில் விஞ்ஞானிகள் சிவில் உடையில் இருப்பார்கள், கப்பலை ஓட்டுபவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். கடலடியை அளக்கும் அதிகாரியாக விரும்பும் தமிழ்நாட்டு மாணவர் கடற்படை வழியில் போக வேண்டும். கடலை ஆராய விரும்புபவர் முதலில் அறிவியலிலோ பொறியியலிலோ மேற்படிப்பை முடித்துவிட்டுப் பள்ளிக்கரணையின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும்.